நடுவில் தூண் இல்லாத நூலகம்

கூடப்பிறந்தவர் என்று எனக்கிருந்த ஒரே ஆளான தாசண்ணனுக்கு,

நீ போன பிறகு இது ஆறாவது ஐப்பசி, துலாமழை பெய்துகொண்டிருக்கிறது. இத்தனை நாளில் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. நல்ல சேதி என்றால் கல்லறைத் தோட்டத்துக்கு நேரே வந்து சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இது நல்ல சேதி இல்லை. உன்னிடம் மட்டும் சொல்லி முடிக்கிற காரியமும் இல்லை. அதனால்தான் ஊர் கேட்க எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் வீட்டு விசேஷம். நீ தனியே விட்டுப்போன மைனிக்கு முட்டுவலி கூடியிருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆட்டோ பிடித்தாவது வந்துவிடுவாள். நீ நட்ட பலா இந்த வருடம் காய்க்கவில்லை. நெய்யாற்றின்கரைக்குப் போகிற சாலையை அகலப்படுத்த அளவெடுத்து, நீ சாயா குடிக்கிற கடையையும் எடுத்துவிட்டார்கள். கடைக்காரர் இப்போது மகளோடு கள்ளிக்காட்டில் இருக்கிறாராம்.

இனி காரியத்துக்கு வாறேன். நீ வரைந்த நூலகத்துக்கு மார்க் போடும்படி என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

மே மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் வாசிப்பறைக் கூரையிலிருந்து ஒரு கான்கிரீட் துண்டு பெயர்ந்து பத்திரிகை மேசை மேல் விழுந்தது. நூலகர் பிரசன்னா வந்து கதவைத் திறந்தபோதுதான் பார்த்தாள். ஒரு சோற்றுப்பானை அளவு இருந்தது. ஆள் யாரும் இல்லாத நேரம், கர்த்தர் காத்தார். பஞ்சாயத்துத் தலைவி ஷீலா வீட்டுக்கே வந்து, "சேச்சி ஒண்ணு நோக்கித் தரணும், ஓய்வுபெற்ற என்ஜினியர்மாரு வேற யாரு இருக்கு இஞ்ச? சேச்சிக்கு அறியாத கெட்டிடமா அது?" என்றாள்.

பதினாறு பக்கப் படிவம் ஒன்று தந்தாள். நுழைவு, வெளிச்சம், காற்று, வசதி, உறுதி என்று பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒரே கேள்விதான். இந்தக் கட்டடத்தை நூலகமாகத் தொடர்ந்து பயன்படுத்தலாமா, கூடாதா?

நான் என்ன நினைத்துக்கொண்டு போனேன் தெரியுமா? எப்படியாவது 'பயன்படுத்தலாம்' என்று எழுதிவிட வேண்டும் என்றுதான். உன் சமையலுக்கு மார்க் போடச் சொன்னால் முட்டைதான் போடுவேன், அது வேறு. இந்த ஒரு கட்டடத்தில் மட்டும் நீ தோற்கக் கூடாது என்றிருந்தது.

மூன்று நாள் டேப்பும் நோட்டுமாகப் போய் இருந்தேன். ஓரமாக ஒரு நாற்காலி போட்டு, யார் எந்த வழியாக வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எப்போது எழுந்து போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் எந்தக் கட்டடத்தையும் நான் இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

படிவத்தில் நுழைவாயிலுக்கு ஒரு கட்டம்தான் விட்டிருக்கிறார்கள். உன் கட்டடத்துக்கு நுழைவாயில் இரண்டு. மேற்கே சாலையைப் பார்த்து ஒரு முகப்பு, கிழக்கே சபைத் தெருவைப் பார்த்து ஒரு முகப்பு. இரண்டு வராந்தா, இரண்டு பெயர்ப்பலகை, இரண்டு அடிக்கல். கதை தெரியாதவர்கள் படித்தால் உன்னைப் பைத்தியக்காரன் என்று நினைப்பார்கள். அதனால் அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மேற்குப் பாதி நிலம் மேலேவிளை வீட்டார் கொடுத்தது, அவர்கள் இந்துக்கள். கிழக்குப் பாதி கிணற்றுவிளை வீட்டார் கொடுத்தது, அவர்கள் நம் சபைக்காரர்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே நிபந்தனை. கட்டடத்தின் முகம் எங்கள் பக்கம் இருக்கட்டும், பின்பக்கம் எங்களுக்கு வேண்டாம். நாமும் சபைக்காரர் என்பதால், நீ கிழக்கே சாய்ந்துவிடுவாய் என்று மேலேவிளைக்காரருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நீ ஒரு வாரம் யோசித்துவிட்டு, பின்பக்கமே இல்லாத ஒரு பிளானோடு வந்தாய். கல்லிட்ட அன்று அந்தப் பக்கம் விளக்கேற்றிப் பாயசம், இந்தப் பக்கம் ஜெபம் செய்து கேக். எல்லாரும் இரண்டையும் சாப்பிட்டார்கள், நீதான் ஒன்றும் சாப்பிடாமல் ஓடிக்கொண்டிருந்தாய்.

அந்த இரண்டு வாசலின் கதையை நீ இருந்தே பார்த்தவன்தான். சாலையிலிருந்து சபைத் தெருவுக்குச் சுற்றிப் போக வேண்டாம் என்று பாதி ஊர் இன்றும் வாசிப்பறை வழியாகத்தான் நடக்கிறது. நான் இருந்த முதல் நாளே மீன்காரி லீலா தலையில் பாத்திரத்தோடு மேற்கே ஏறிக் கிழக்கே இறங்கினாள். நடுவில் நின்று ஒருத்தரிடம் அயலை மீனுக்கு விலையும் சொன்னாள். பிரசன்னா பாவம், மேசையை எந்தப் பக்கம் திருப்புவாள்? "நான் எந்த வாசலுக்காக்கும் மொகம் காட்டி இருக்கியது சேச்சி? இங்கோட்டு பாத்தா அங்கோட்டு புஸ்தகம் எறங்கிப் போவும்" என்றாள்.

நுழைவுக்குப் பத்துக்கு மூன்று போட்டேன். போட்டுவிட்டு உன் முகத்தை நினைத்து நாலாக்கினேன். பிறகு எனக்கே அசிங்கமாக இருந்தது, திருப்பி மூன்றாக்கினேன்.

வெளிச்சத்துக்குப் பத்து. பாசத்தில் போட்டதில்லை அண்ணா, உண்மையிலேயே பத்து. நீ கூரைக்குக் கீழே சுற்றிலும் வைத்த அந்தச் சின்னச் சின்ன வெளிச்சக் கண்கள் இருக்கின்றனவே, அவை வழியாகக் காலையில் கிழக்கு வெயிலும் சாயங்காலம் மேற்கு வெயிலும் சாய்ந்து வந்து புத்தகத்தில் விழுகிறது, கண்ணில் விழவில்லை. மழை மூடிய பகலிலும் விளக்குப் போடாமல் படிக்க முடிகிறது. எத்தனையோ அரசுக் கட்டடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு அறை நான் கட்டியதில்லை. கிழக்குப் பக்கம் நாலு கண்ணைச் சாரல் அடிக்கிறது என்று பழைய தேர்தல் பிளெக்ஸ் வைத்து அடைத்திருக்கிறார்கள். தோற்றுப்போன வேட்பாளர் ஒருவர் அங்கே இன்னும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஜன்னல் திண்டுகளை நீ உட்காரும் உயரத்துக்குத் தாழ்த்தி, சிவப்புச் சிமென்ட் பூசி வைத்தது எவ்வளவு நல்ல யோசனை. நாற்காலி காலியாகக் கிடந்தாலும் ஆட்கள் திண்டில்தான் போய் உட்காருகிறார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்து விளையாட்டுப் பக்கத்தை முழுதும் படித்தார். அதையும் நோட்டில் எழுதினேன். படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

வசதிக்கு வந்தபோதுதான் உன் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் காலையில் வருகிறார்கள். பதினொன்றரை மணி ஆனதும் ஒவ்வொருத்தியாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். ஒருத்தியை நிறுத்தி, "ஏன் மக்களே, இப்பமே போறியா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இஞ்ச பாத்ரூம் இல்லியே ஆன்டி" என்றாள்.

பின்பக்கம் இல்லாத கட்டடத்தில் கக்கூஸை எங்கே வைப்பது? எந்தப் பக்கம் வைத்தாலும் அது ஒரு வீட்டாரின் முகத்துக்கு நேரே வரும். அதனால் நீ வைக்கவே இல்லை. ஆண்கள் ரப்பர் தோட்டத்துக்குள் போய்விட்டு வந்துவிடுகிறார்கள். இத்தனை வருடமாக எத்தனை பெண்கள் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து படித்திருப்பார்கள், உனக்கு ஒரு நாளாவது தோன்றியதா? நான் பெண்தானே, பிளானைப் பார்த்தவள்தானே, எனக்கும் தோன்றவில்லை. வசதிக்குப் பத்துக்கு ஒன்று.

பிறகு உறுதி. அண்ணா, இந்தப் பகுதியை நீ வாசிக்க வேண்டாம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது.

உன் முதல் பிளானில் வாசிப்பறையின் நடுவே நாலு தூண் இருந்தது. பென்சிலில் நீ போட்டிருந்த நாலு சதுரமும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் நடு என்பது இரண்டு நிலமும் சேருகிற கோடு. மேலேவிளைப் பெரியவரும் கிணற்றுவிளைப் பெரியவரும் அந்த ஒரு விஷயத்தில்தான் முதல்முறையாக ஒத்துப்போனார்கள். அங்கே தூண் நின்றால் நாளைக்கு அது எல்லைக்கல் ஆகிவிடும், பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போவார்கள், ஆகவே தூண் கூடாது. நீ ரப்பரை எடுத்து நாலையும் அழித்தாய். சுவரிலிருந்து சுவருக்கு ஒரே வீச்சில் பீம் போட்டாய். ஒரே ஒரு தூண் கூட இல்லாத மண்டபம் என்று ஊரே வந்து அண்ணாந்து பார்த்தது.

அந்த பீம்கள் தாழ்ந்துவிட்டன அண்ணா. ஒவ்வொரு பீமின் இரண்டு முனையிலும் ஒரே அளவு மரக்கட்டை வைத்து, கீழே இறுக்கமாக நூல் கட்டிப் பார்த்தேன். முனையில் இருக்கிற இடைவெளி நடுவில் இல்லை. நடு பீமில் நூல் கான்கிரீட்டில் உரசியது. மொட்டைமாடிக்கு ஏறினால், வடக்கிலிருந்து தெற்குவரை நட்டநடுவே தண்ணீர் தேங்கி நிற்கிறது. அந்தத் தண்ணீர்தான் வருடக்கணக்காகக் கசிந்து கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, ஒரு துண்டைப் பெயர்த்துக் கீழே போட்டிருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது ஒரு யோசனை வந்தது. நீ அழித்த தூண்களை இப்போது வைத்தால் என்ன? தாழ்ந்த பீமை நிமிர்த்த முடியாது, இதற்கு மேல் இறங்காமல் தாங்கலாமே. தாத்தாக்கள்தான் வேண்டாம் என்றார்கள், பேரன்மார் படித்தவர்கள்தானே.

முதலில் மேலேவிளை பத்மகுமாரிடம் போனேன். பாறசாலையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார், நல்ல மனுஷன். சாயா தந்து உட்காரவைத்து முழுவதும் கேட்டார். "தூணு எங்கேயாக்கும் வருது?" என்றார். நடுவிலே என்றேன். "நடுவுண்ணு சொன்னா யாருக்க பக்கம்?" என்று கேட்டு அவரே சிரித்துவிட்டார். பிறகு மெதுவாக, "ஒரு அடி கெழக்க தள்ளி வச்சா நமக்கு ஒரு விரோதமும் இல்ல ஸ்டெல்லா" என்றார்.

கிணற்றுவிளை வில்சன் உன்னோடு படித்தவன், கல்ஃபிலிருந்து வந்து இப்போது வீட்டோடு இருக்கிறான். அவனும் சாயா தந்தான். அவனும் கேட்டான். "தாசனுக்க கெட்டிடத்துக்கு நான் எதிரு நிப்பனா மக்கா? ஒரு அடி மேக்க தள்ளிப் போட்டா போதும்" என்றான்.

பேரன்மாருக்கும் அதே கோடுதான். வரும் வழியில் கால்வாய்க் கரையில் நின்று யோசித்தேன். ஒரு வரிசைத் தூண் வேண்டாம், இரண்டு வரிசையாக வைப்போம். கோட்டுக்குக் கிழக்கே ஒரு அடி தள்ளி நாலு, மேற்கே ஒரு அடி தள்ளி நாலு. கோட்டின் மேல் ஒன்றும் நிற்காது. நீ இருந்தால் என் முதுகில் ஒரு அடி போட்டுப் பாராட்டியிருப்பாய். இரண்டு வாசல் வைத்தவனுக்குத் தங்கச்சி அல்லவா நான்.

இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள் அண்ணா, நம்பு. பத்மகுமார், "அப்ப செரி. ஆனா ரெண்டு வரிசையும் ஒரே வண்ணமாக்கும் இருக்கணும்" என்றார். வில்சன், "அவியளுக்க தூணு நம்ம தூணைவிட வண்ணம் கூடப்பிடாது கேட்டியா" என்றான். நம் ஊரில் வண்ணம் என்றால் பருமன்தானே, எல்லாத் தூணும் ஒரே பருமன்தான் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த இரண்டு கடிதத்தையும் பைபிளுக்குள் வைத்து மூன்று வாரம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். நீ போன பிறகு நான் அப்படித் தூங்கியதில்லை.

தூண் வைப்பதற்கு முன்னால் பீமின் பலத்தைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்று ஷீலா சொன்னாள். நியாயம்தான். என்ஜினியரிங் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார், நெய்யாற்றின்கரைக்காரி, வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு பீமாகச் சுத்தியலால் தட்டினார். உதிர்கிற இடத்தில் கொஞ்சம் உடைத்துப் பார்த்தார். அரை மணி நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டுகிற சத்தம் எங்குமே ஒன்றுபோல இல்லை.

கீழே இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "தூணு வச்சு எதைத் தாங்கப் போறீங்க மேடம்? உள்ளே கம்பியைத் துரு பாதிக்கு மேலே தின்னு போச்சு. சுவர்ப் பக்கத்திலேயும் பீம் சரிஞ்சு பிளந்திருக்கு. நடுவிலே முட்டுக் கொடுத்தா பீம் மேல்பக்கம் வெடிக்கும், அங்கே கம்பியே போடல்லே." நான் அதை அறியாதவளா? என்ஜினியரிங் படித்தவள். ஆசையில் மறந்துவிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு அவர் சாதாரணமாக ஒன்று கேட்டார். "இத்தனை நீளத்துக்கு இந்த ஆழம் பத்தாதுண்ணு அப்பவே தெரிஞ்சிருக்கணுமே. இந்தக் கணக்கை யாரு செக் பண்ணினது?"

பிரசன்னா பக்கத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பெருமையாகச் சொன்னாள். "அது நம்ம சேச்சி செக் பண்ணினதாக்கும். தாசன் சார் எப்பவும் சொல்லுவாரு, எனக்க தங்கச்சி பாத்த கணக்காக்கும், நூறு வருசத்துக்குப் பயமில்லைண்ணு." பேராசிரியை என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏணியை மடக்கப் போய்விட்டார். நான் அந்த ஜன்னல் திண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு இது தெரியாமலே நீ போய்விட்டாய் அண்ணா. இப்போது சொல்கிறேன். நான் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

எனக்குக் கள்ளிக்காட்டில் முதல் போஸ்டிங். நீ ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி, பிளானுக்கும் கணக்குக்கும் ஒரு நகல் எடுத்து நியூஸ்பேப்பரில் சுருட்டிக்கொண்டு வந்தாய். தூணை எடுத்த பிறகு பீமைக் கொஞ்சம் ஆழமாக்கியிருந்தாய். "இது போதுமாண்ணு நீ பாத்துச் சொல்லு மக்கா. நான் டிப்ளமா, ஒனக்காக்கும் இதெல்லாம் திட்டமா தெரியும்" என்றாய். மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நான் புடவையும் கையுமாக நின்றேன். உன் சுருளை அலமாரி மேல் வைத்தேன். திங்கட்கிழமை ஆபீஸ் போனில் கூப்பிட்டுக் கேட்டாய். எல்லாம் சரியாக்கும் அண்ணா என்றேன். நல்லா பாத்தியா என்றாய். பாத்தேன் என்றேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன்? நீ ஒரு காரியத்தில் தப்பு செய்வாய் என்றே எனக்குத் தோன்றியதில்லை. உனக்கும் என்னைப் பற்றி அப்படியே இருந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒருவர் தலையில் ஒருவர் பாரத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

பேராசிரியை வந்துபோன மறுநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டேன். உன் சுருள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, பிரித்தபோது தாள் மஞ்சளாகி மடிப்பில் கிழிந்தது. கால்குலேட்டர்கூடப் பெரிதாகத் தேவைப்படவில்லை. அரை மணி நேரம் எடுத்தது அண்ணா. அரை மணி நேரம். பீம் போதாது என்று ஆறாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் போய்ச் சண்டை பிடித்துத் தூணை வைத்திருப்பாய். நீ யாருக்கும் பயந்தவன் இல்லை. நடந்த எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு வீட்டாரைக் குற்றம் சொல்லலாம் என்று இத்தனை நாளாகப் பார்த்தேன், முடியவில்லை. அவர்கள் பேரன்மார்கூடக் கையெழுத்துப் போட்டார்கள்.

கூரையை மட்டும் பிரித்துப் புதிதாகப் போடலாமே என்று கேட்பாய். நானும் ஷீலாவிடம் கேட்டேன். பிரித்தால் நூலகம் பூட்டிக் கிடக்கும், ஒரு வருடம் பூட்டிக் கிடந்தால் நிலம் இரண்டு வீட்டுக்கும் திரும்பிப் போகும் என்று தானப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. பஞ்சாயத்தில் ஒரு வருடத்துக்குள் அனுமதிக் காகிதம்கூட மேசை விட்டு மேசை நகராது. வில்சனுக்குக் கூடப்பிறந்தவர்கள் நாலு நாட்டில் இருக்கிறார்கள், அந்தக் கெடுவை நீட்டித் தர அத்தனை பேரையும் இன்னொரு கையெழுத்துக்குச் சேர்க்க அவனால் முடியாது. பாவம், அவன் கேட்டுப் பார்த்தான். ஒருத்தர் பதிலே போடவில்லை, இன்னொருத்தர் அந்த இடத்தின் இன்றைய விலை என்ன என்று கேட்டிருக்கிறார்.

இனி இடிப்பதுதான் வழி. சந்தைக் கட்டடத்தின் மாடியில் இரண்டு அறை தருகிறார்களாம், புத்தகங்களை அங்கே கொண்டுபோகப் போகிறார்கள். போய்ப் பார்த்தேன். ஜன்னல் ஒன்றுதான், அதுவும் பக்கத்துச் சுவரைப் பார்த்து. கக்கூஸ் உண்டு. அந்தப் பெண்பிள்ளைகளுக்காவது அது ஆகட்டும்.

பிறகு நேற்று படிவத்தை முடிக்க உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் 'கட்டடத்தை வடிவமைத்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அனுமதிப் பேப்பரில் லைசென்ஸ் உள்ள வேறு ஒரு என்ஜினியரின் கையெழுத்துதான் இருக்கிறது, ஓவர்சியரான நீ கையெழுத்துப் போட முடியாதே. தங்கச்சி வந்து அண்ணன் கட்டடத்துக்கு மார்க் போட முடிந்ததே அதனால்தான். கடைசியில் அந்தக் கட்டத்தில் உன் பெயரை எழுதலாமா என்று மைனியிடம் கேட்டேன்.

அவள் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "நல்லா இருந்த காலத்திலே ஒருத்தரும் அவருக்க பேரை எழுதல்ல. இப்பம் இடிக்கியதுக்கு எழுதணுமா? செத்த ஆளுக்க தலையிலே எதுக்கு இதைத் தூக்கி வைக்குத?" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் சொல்வதும் சரிதான்.

ஆனாலும் எழுதினேன். அந்த வெளிச்சத்துக்குப் பத்து மார்க் போட்டுவிட்டு, அது வேறு ஆளுடைய வேலை என்று இருக்க விட என்னால் முடியவில்லை. வடிவமைத்தவர்: சி. ஞானதாஸ், ஓவர்சியர். கடைசிப் பக்கத்தில் 'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதினேன். அதற்குக் கீழே, கட்டம் எதுவும் இல்லாத வெள்ளை இடத்தில், இப்படியும் எழுதினேன்: 'பீம் கணக்கைச் சரிபார்த்துத் தரும்படி வடிவமைத்தவர் கட்டுவதற்கு முன்பே என்னிடம் கொடுத்தார். நான் பார்க்கவில்லை. பார்த்ததாகப் பொய் சொன்னேன். இடிப்பதற்குக் காரணமான பிழை என்னுடையது.'

ஷீலா அதை இரண்டு தடவை வாசித்தாள். "இது வேண்டா சேச்சி. இதை வச்சா ரிப்போர்ட்டு செல்லாது. வேற ஆளு வந்து எழுதும், அவரும் இடிக்கணும்ணுதான் எழுதும். சேச்சிக்கு நாணக்கேடு மட்டும் மிச்சம்" என்றாள். அந்த ஒரு தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதித் தரச் சொன்னாள், கெஞ்சினாள். எழுதித் தராமல் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் சொன்னபடியே வேறு ஆள் வருவார், அவர் எழுதுகிற படிவத்தில் உன் பெயரும் இருக்காது, என் பெயரும் இருக்காது. நான் எழுதியது எந்த ஃபைலுக்கும் போகப் போவதில்லை. அதனால்தான் இதை இப்படி எல்லாரும் படிக்க எழுதினேன்.

இதனால் உனக்கு இனி ஒன்றும் ஆகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். மன்னித்தேன் என்று சொல்ல நீயும் இல்லை, சொன்னாலும் வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. ஒரே ஒரு வாக்குத் தருகிறேன். துலாமழை விட்டதும் இடிக்க வருவார்கள். அன்று காலையிலேயே நான் அங்கே போய் நிற்பேன். ஊரே வேடிக்கை பார்க்க வரும், தாசன் கட்டினது தாங்கவில்லை பார் என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அப்படிச் சொல்கிற ஒவ்வொருத்தரிடமும் போய், அவன் கேட்டான், நான்தான் பார்க்கவில்லை என்று சொல்லுவேன். கடைசி ஆள் வீட்டுக்குப் போகிறவரைக்கும் நின்று சொல்லுவேன் அண்ணா.

நீ நம்பிக் கொடுத்த கணக்கைப் பிரித்துக்கூடப் பார்க்காத,
உன் ஒரே தங்கச்சி ஸ்டெல்லா